வெள்ளைப் பூ சொன்ன மதர்போர்டு

அப்பா மதர்போர்டைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார்.

கடைக்காரர் சேகர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இரண்டு கைகளையும் ஏந்தியபடி, "ஐயா, அது தேங்காய் இல்லீங்க" என்றார்.

"தெரியுமுங்க. உள்ள ஏதாச்சும் லொடலொடங்குதான்னு பாத்தனுங்க" என்றார் அப்பா. அதோடு விட்டாரா? ஓரத்தில் நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது போல. தலையை ஆட்டிக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெயில் காலம். காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த மாடிக் கடை. புது அட்டைப்பெட்டி வாசமும் ஈயம் உருகிய வாசமும் கீழேயிருந்து ஏறி வந்த தேங்காய் பன் வாசமும் கலந்து அடித்தது. எனக்கு அந்தப் பன்மீது ஒரு கண் இருந்தது. ஆனால் அன்று வந்த காரியம் பெரிது.

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "ஹாஸ்டல் பூரியைப் பற்றி மூன்று வாரமாக எழுதுகிறீர்கள், கம்ப்யூட்டர் படித்தவர்தானா நீங்கள்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆகவே இந்த வாரம் பூரி கிடையாது.

மண்டபம் பெரிதா, சிறிதா?

பீளமேட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்து முடித்து ஊர் திரும்பியிருந்தேன். ஊர் என்றால் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில். அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் கொப்பரை காய வைக்கிற ஒரு களமும் இருந்தன. டவுனில் ஒரு சின்ன அறை எடுத்து, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று டைப் அடித்துக் கொடுக்கிற தொழில் வைக்கலாம் என்பது என் திட்டம். அப்பா சம்மதித்துவிட்டார்.

கம்பெனி கம்ப்யூட்டர் வாங்குவது எங்களுக்குக் கட்டாது. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததைப் போல, பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டுவதாக ஏற்பாடு. மானிட்டர், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டன. மதர்போர்டில் வந்து வண்டி நின்றது.

மதர்போர்டு என்றால் என்ன என்று அப்பா கேட்டார். நான் பாடப்புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சேகர் உதவிக்கு வந்தார்.

"மதர்போர்டுன்னா கல்யாண மண்டபமுங்க. பிராசஸருதான் மாப்பிள்ளை. மெமரி, டிஸ்க்கு எல்லாம் ஒறம்பரை, சொந்தபந்தமுங்க. அத்தனை பேரும் வந்து உக்கோர்றதுக்கு ஒரு எடம் வேணுமல்லங்க?"

பிரமாதமான விளக்கம்தான். ஆனால் அதனால்தான் நான் கெட்டேன்.

மேசைமேல் இரண்டு போர்டுகள் இருந்தன. எங்கள் மாப்பிள்ளை, அதாவது பிராசஸர், இரண்டிலும் உட்காருவார். ஒன்று சின்னது. பேர் சொல்லும்படியான கம்பெனி. கூடவே தடியான ஒரு கையேடு. இன்னொன்று பெரியது. பெட்டியில் கம்பெனிப் பேரே இல்லை. கையேடு என்று ஒற்றைத்தாள் ஜெராக்ஸ். ஆனால் பலகை முழுக்கக் கறுப்புக் கறுப்பாக சிப்புகள், வரிசை கட்டி நின்றன.

"பேர் இல்லாத போர்டைத் தொடாதே" என்று கல்லூரியில் சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் சின்னதைக் காட்டினேன்.

அப்பா பெரியதை விட்டுக் கையை எடுக்கவில்லை. "இதுல சாமான் அதிகமா இருக்குதுங்கண்ணு. மண்டபம்னா பெருசாத்தான் இருக்கோணும்" என்றார்.

நான் வாதாடினேன். அவரும் வாதாடினார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டு மரியாதையாகவே சண்டை போட்டுக்கொண்டதால் சேகருக்கு அது சண்டை என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியில் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போறமல்ல, ஆத்தாகிட்டயே பூக் கேட்டுப்போடலாம்."

சேகர் என்னைப் பார்த்தார். நான் பேக்கரிப் பக்கம் பார்த்தேன்.

பூக் கேட்கிற குடும்பம்

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி. உள்ளே எது என்று தெரியாதபடி இலையில் சுற்றி, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். கேள்வியை மனதாரச் சொல்லிவிட்டு, அங்கே இருக்கிற ஏதாவது குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. அப்படியே வாய்க்காலில் விட்டுவிட வேண்டும்.

கிணறு வெட்ட, பெண் கொடுக்க, பெண் எடுக்க எல்லாரும் கேட்பார்கள். அப்பா ஒரு படி மேலே. டிராக்டருக்குக் கேட்டார். கறவை மாட்டுக்குக் கேட்டார். வீட்டுக்கு என்ன நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது என்று கேட்கப் போனபோது பூசாரியே, "இதெல்லாம் நீங்களே பாத்துக்கலாமுங்க" என்று திருப்பி அனுப்பினார். என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்ததும் பூதான். அப்பாவின் அனுபவத்தில் பூ ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கிணற்றில் தண்ணீர் வந்தது. டிராக்டர் ஓடியது. நானும் எப்படியோ பாஸாகிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனதே வேறு ஒரு விஷயத்துக்காக. என் அக்கா வசந்திக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பவர்லூம் வைத்திருந்த குடும்பம். பெரியம்மா மூலமாக வந்த சம்பந்தம் என்றுதான் அப்பா அம்மாவுக்குத் தெரியும். உண்மை என்னவென்றால், அக்கா ஈரோட்டில் பெரியம்மா வீட்டில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்தபோது அந்தப் பையன் எதிர்வீடு. இரண்டு வருஷம் ஜன்னலுக்கு ஜன்னல் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை வெளியே கசியாமல், பெரியம்மா தானாகவே யோசித்துப் பேச்செடுத்ததாக நினைக்கும்படி காரியத்தை நகர்த்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இது தெரிந்த ஒரே ஆள் நான்.

அப்பாவுக்கு வரன் பிடித்திருந்தது. ஆனால் பூ என்ன சொல்கிறதோ அதுதான்.

பொட்டலம் கட்டுவது எங்கள் வீட்டில் பெண்கள் வேலை. அக்கா விடியற்காலையில் குளித்து, பூப்பறித்து, நான்கு பொட்டலமாகக் கட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு இரண்டு, மதர்போர்டுக்கு இரண்டு. கொடுத்த பிறகும் அவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் முதலில் மாப்பிள்ளை. ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். வெள்ளை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா குலவை போடாத குறையாக அவளைக் கூட்டிக்கொண்டு பிரகாரம் சுற்றப் போய்விட்டாள்.

அடுத்தது மதர்போர்டு. "எதுக்குங்க கேக்கறீங்க?" என்று பூசாரி கேட்டார். அப்பா சொன்னார். பூசாரிக்கு விளங்கவில்லை. அப்பா மண்டபத்திலிருந்து தொடங்கி மாப்பிள்ளை, ஒறம்பரை எல்லாம் விளக்கினார். "அதான் மாப்பிள்ளைக்கு வெள்ளை வந்துருச்சுங்களே" என்றார் பூசாரி. ஒருவழியாக அப்பா நேராகவே அம்மன் பக்கம் திரும்பி, "ஆத்தா, பெரிய போர்டையே வாங்கலாம்னா வெள்ளைப் பூவு குடு" என்றார்.

வெள்ளை.

என் திருட்டுத்தனம்

மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனேன். கிணத்துக்கடவு தாண்டும்வரை அம்மன் சொன்னபடிதான் செய்வதாக இருந்தேன். உக்கடம் வந்தபோது மனசு மாறிவிட்டது. மூன்று வருஷம் படித்தது நான், அம்மன் அல்ல.

சின்னப் போர்டையே வாங்கினேன். வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டினேன். கேபினெட்டின் மூடியைத் திருகி முடித்த பிறகு உள்ளே இருப்பது எந்தப் போர்டு என்று யாருக்குத் தெரியப் போகிறது?

அடுத்த நல்ல நாளில் வீட்டிலேயே திறப்பு விழா. மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம். கீபோர்டுக்கு மல்லிகைச் சரம். தோட்டத்து ஆட்கள், பக்கத்து வீட்டார், சித்தப்பா குடும்பம் என்று இருபது பேர் கூடியிருந்தார்கள். அப்பாதான் சுவிட்சைப் போட்டார்.

விசிறி உய்யென்று சுற்றியது. எல்லாரும் கை தட்டினார்கள். திரை கறுப்பாக இருந்தது. கொஞ்சம் பொறுத்தோம். அப்போதும் கறுப்பு. சித்தப்பா, "காத்து நல்லா வருதுங்களே" என்றார்.

நான் மூன்று முறை அணைத்துப் போட்டேன். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் அன்று நான் கவலைப்பட்டது என் மானத்தைப் பற்றி மட்டும்தான். பெரிய இடி மறுநாள் காலையில் விழுந்தது.

ஒரு பூ பொய்யென்றால்

அம்மாவும் அக்காவும் நானும் சமையலறையில் இருந்தோம். அப்பா வாசற்படியில் வந்து நின்றார்.

"ஈரோட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். நிச்சயத்தைத் தள்ளி வைப்போம்."

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "ஏனுங்க?"

"ஒரே நாளு, ஒரே தட்டு, ஒரே ஆத்தா. ரெண்டு வாக்குக் குடுத்தா. அதுல ஒண்ணு பொய்யாப் போச்சு. இன்னொண்ணு மட்டும் நெசம்னு எப்படி நம்பறது? போர்டுன்னா தூக்கிப் போட்டர்லாம். புள்ளையக் குடுத்துப்போட்டு அப்பறம் என்ன பண்றது?"

அம்மா தன்னால் முடிந்ததைச் சொல்லிப் பார்த்தாள். "வாங்கறதுக்குத்தானுங்க பூக் கேட்டீங்க. ஓடறதுக்குக் கேக்கலீங்களே?"

அப்பா அதை ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஓடாததை எந்த ஆத்தா வாங்கச் சொல்லுவா?"

அக்கா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் இரண்டு வருஷ ஜன்னல் கதை வெளியே வந்துவிடும். அவளால் அழக்கூட முடியவில்லை. தோசை கருகுகிற வாசம் வந்தது. எங்கள் வீட்டில் அக்கா தோசை கருகி நான் பார்த்ததே இல்லை.

பொய் சொன்னது அம்மன் அல்ல, நான். அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அன்று மத்தியானம் வரை சாக்குப்போக்குகளைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. களத்துக்குப் போனேன். அப்பா வெயிலில் கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஆத்தா சொன்ன போர்டை நான் வாங்கலீங்க. சின்னதை வாங்கிப் பூட்டிப்போட்டனுங்க."

அவர் நிமிர்ந்தார். நான் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அப்ப உள்ள இருக்கறது பெரிய போர்டு இல்ல?"

"இல்லீங்க."

"ஆத்தா பொய் சொல்லல?"

"இல்லீங்க."

"நீதான் பொய் சொன்னே?"

"ஆமாங்க."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு கண்ணு" என்றார். மகள் பொய் சொன்னதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட தகப்பனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அங்கிருந்தே வீட்டைப் பார்த்து அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். "ஏனுங்கம்மிணி, ஈரோட்டுக்கு ஆள் அனுப்பலாமுங்க. இவதான் பொய் சொல்லிப்போட்டா."

தண்டனை இல்லாமல் இல்லை. அம்மனுக்கு நூற்றியெட்டுத் தேங்காய் என் கையால் உடைக்க வேண்டும். தோப்பு வைத்திருக்கிற வீட்டில் தேங்காய்க்கா பஞ்சம்? உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

மறுநாள் அந்தக் கையோடு கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவுடன் சேகர் கடைக்குப் போனேன். சேகர் மூடியைத் திறந்து பார்த்தார். மதர்போர்டின் மூலையில் நகக்கணு அளவுக்கு ஒரு கறுப்புத் தொப்பி இருந்தது. அதைப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் செருகினார். சுவிட்சைப் போட்டார். திரையில் எழுத்துகள் ஓடின.

"பேட்டரி தீராம இருக்கறதுக்காகக் கம்பெனிலயே இப்படி வெச்சு அனுப்புவாங்க. மாத்திப்போட்டுத்தான் ஆன் பண்ணோணும். புஸ்தகத்துல நாலாம் பக்கத்துலயே இருக்குதுங்களே" என்றார். நான் மூன்று பக்கம் படித்துவிட்டு, எல்லாம் தெரிந்ததுதான் என்று மூடி வைத்திருந்தேன்.

"ஓடுதுங்களா?" என்றார் அப்பா.

"அருமையா ஓடுதுங்க. அப்படியே எடுத்துட்டுப் போங்க."

"ஓடட்டுமுங்க. நம்முளுக்கு அந்தப் பெரிய போர்டு குடுங்க."

சேகர் நல்ல மனுஷர். விற்பதற்காக உட்கார்ந்திருக்கிற ஆள், விற்க மாட்டேன் என்று மன்றாடினார். "ஐயா, ஓடறதை எதுக்குங்க மாத்தறீங்க? இது நல்ல போர்டுங்க."

"ஓடறது ஓடாததுங்கற பேச்சே இல்லீங்க. வாக்குன்னு ஒண்ணு இருக்குதல்லங்க."

சேகர் என்னைப் பார்த்தார். திரையில் என் போர்டு, நான் தேர்ந்தெடுத்த போர்டு, என்ன செய்யட்டும் என்று கேட்பதைப் போலக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு அழுகையே வந்தது. அடுப்பைப் பார்த்தபடி நின்ற அக்காவை நினைத்துக்கொண்டேன்.

"மாத்திக் குடுங்கண்ணா" என்றேன்.

பசை வைத்து ஒட்டினேன்

அக்கா கல்யாணம் நன்றாக நடந்தது. பத்திரிகை அடித்தது என் கம்ப்யூட்டரில்தான். பெரிய போர்டு ஓடியது. ஓடியது என்பதைவிட நடந்தது என்று சொல்வதுதான் சரி. ஒரு பக்கம் திரையில் மேலே நகர்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். வாடிக்கையாளர்களும் குடித்தார்கள். டீக்கடைக்காரருக்கு என் தொழிலில் நல்ல வருமானம்.

அத்தனை சிப்புகள் இருந்தும் ஏன் இந்த மந்தம் என்று ஒருநாள் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வேகத்துக்கென்று வைத்திருந்த ஒன்பது சிப்புகளின் கால்கள் பலகைமேல் சும்மா நின்றுகொண்டிருந்தன. அவற்றிலிருந்து ஒரு கோடுகூட எங்கும் போகவில்லை. பிளேடால் ஒன்றை நெம்பினேன். கையோடு வந்துவிட்டது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெறும் பிளாஸ்டிக். அப்பா ஆசைப்பட்ட அந்த அதிகப்படி சாமான் அத்தனையும் போலி. கடைக்காரர்களையே ஏமாற்றுகிற போர்டுகள் அந்தக் காலத்தில் வந்துகொண்டிருந்தன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அக்கா அப்போது தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இது அப்பா காதில் விழுந்தால் மறுபடியும் பூ, வாக்கு, மாப்பிள்ளை என்று எங்கே போய் நிற்குமோ? பெயர்த்த சிப்பைப் பசை வைத்து ஒட்டி, மூடியைத் திருகி, வாயை மூடிக்கொண்டேன். நாலு வருஷம் அந்தப் போர்டிலேயே மாரடித்தேன்.

அப்பா காலமாகி ஒரு வருஷம் கழிந்த பிறகு, ஈரோட்டில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் இதைச் சொன்னேன். உனக்காக நான் எப்பேர்ப்பட்ட தியாகம் செய்தேன் தெரியுமா என்கிற தோரணையில்தான் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"நாலும் வெள்ளைதான் கண்ணு."

"எது?"

"பொட்டலம். அன்னிக்கு நான் செவ்வரளியப் பறிக்கவே இல்ல. எதை எதுக்கு வைப்பாங்களோ, எனக்கென்ன தெரியும்? நாலுலயும் வெள்ளையே வெச்சுக் கட்டிப்போட்டேன். உன்ற போர்டுக்கும் சேத்து வந்துருச்சு."

அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். "சின்னதைக் கேக்கச் சொல்லி அப்பாகிட்ட ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா, அதுக்கும் வெள்ளைதான் வந்திருக்கும். அவர் உன்னைக் கேக்கவே இல்லையாக்கும்?"

"இல்லக்கா" என்றேன்.

கேட்டார். மேலே கோயில் காட்சியை எழுதும்போது அதை வேண்டுமென்றேதான் விட்டேன். அம்மன் பக்கம் திரும்புவதற்கு முன்னால் அப்பா என்னைப் பார்த்து, "எதைக் கேக்கட்டுங்கண்ணு, பெருசா, சின்னதா?" என்று கேட்டார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்கென்னங்க தெரியும்? எல்லாம் தெரிஞ்ச உங்க ஆத்தாகிட்டயே கேளுங்க" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. அப்பா இருந்தால் இன்றைக்கே காலில் விழுந்திருப்பேன்.

இதை அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. ஈரோட்டில் அக்கா வீட்டுக்கு இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை காலையில் வந்துவிடும்.